மோட்டார் மேலே வந்த நாள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையைப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த நீச்சல் குளத்தில் தரை துடைப்பவரிலிருந்து மேலாளர் வரைக்கும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். எல்லோருக்கும் அவர் மோட்டார். "மோட்டாரைக் கேளு", "மோட்டார் சாப்பிடப் போயிருக்கு" என்று அஃறிணையில்கூடப் பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமென்றால் மேலே ஏறி வர வேண்டும், அதற்கு இருபத்தொன்பது படி.

குளத்துக்கு அடியில் இருந்தது அவருடைய இயந்திர அறை. மூன்று பம்பு, ஆள் உயரத்தில் நான்கு மணல் வடிகட்டித் தொட்டிகள், பச்சையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த குழாய்கள், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எந்தச் சோப்புக்கும் அசைந்து கொடுக்காத குளோரின் வாடை. இருபத்தேழு வருஷமாக அதுதான் அவருடைய ராஜ்யம். பம்பின் சத்தத்தைக் கேட்டே மேலே குளத்தில் எத்தனை பேர் இறங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார் என ஒரு பேச்சு உண்டு. அது சும்மா கட்டிவிட்டது. ஆனால் சல்லடைக் கூடையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்பதைப் படியில் இறங்கும்போதே கண்டுபிடித்துவிடுவார், அது உண்மை. தலைமுடி ரப்பர், பிளாஸ்திரி, சாவி, ஒரு முறை ஒரு முழு செட்டுப் பல். அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டும் பல்லுக்குச் சொந்தக்காரர் கடைசி வரை வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

அறையின் சுவரில், சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக ஒரு ஜன்னல். நான்கு விரல் தடிமனுக்குக் கண்ணாடி. அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். உள்விளக்கு எரிகிறதா, ஓடு பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் குளத்தைக் கட்டியவர்கள் வைத்தது. மோட்டார் அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் வழியாக வாட்டர் போலோ பார்த்தார்.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஏழு பேர் தண்ணீரில் மிதந்தபடியே பந்தை எறிந்து எதிராளியின் வலைக்குள் போட வேண்டும். ஓர் அணிக்கு வெள்ளைத் தொப்பி, மற்றதற்கு நீலம், கோல் கீப்பர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் சிவப்பு. யாரும் தரையில் கால் ஊன்ற முடியாது, அத்தனை ஆழம். எட்டு எட்டு நிமிடமாக நான்கு சுற்று முடியும்வரை கால்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது தலையும் பந்தும்தான். கீழே நடப்பது தனிக் கதை. நடுவரைப் பார்த்துப் பால் வடியும் முகத்தோடு இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிற அதே பெண், தண்ணீருக்குள் எதிராளியின் இடுப்பில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். நடுவருக்குத் தெரியாத இந்த அக்கிரமம் எல்லாம் மோட்டாருக்கு அத்துப்படி. ஆளைத் தெரியாது, காலைத் தெரியும். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லாமல் போய்விடுவார். யாராவது படிக்கட்டில் முன்னால் ஏறினால் மட்டும், "அட, நாலாம் நம்பரா நீ?" என்பார்.

மனைவிக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை. பிள்ளைகள் வேனம்மா என்று கூப்பிடுவதால் ஊரும் அப்படியே கூப்பிட்டது. இருபது பிள்ளைகளை ஹாரன் அடிக்காமல் தொண்டையாலேயே அடக்குகிறவர். மகள் ஆடும் ஆட்டம் என்றால் வேனை நிறுத்திவிட்டு நேரே கேலரிக்கு வந்துவிடுவார். ஆட்டம் முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்குப் பாதி ஆட்டம் கையில் இருக்கும்.

"கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டுட்டா, அந்த ஏழாம் நம்பர்காரி. சரியான தூங்குமூஞ்சி!" என்பார் வேனம்மா.

"தூங்குமூஞ்சியா? அவ கணுக்காலை ஒருத்தி பிடிச்ச பிடியை விடவே இல்ல. நீ பாத்தியா?" என்பார் மோட்டார்.

இரண்டையும் ஒட்டவைத்தால்தான் ஒரு முழு ஆட்டம் தேறும். எத்தனையோ குடும்பங்களில் இந்த அளவுக்குக்கூடப் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் இதைக் குறை சொல்வதற்கில்லை.

மகள்தான் கோல் கீப்பர். ஒன்பது வயதில் அவளை ஆழப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அன்றைக்குக் குளத்தின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் பம்புச் சத்தமே கேட்கவில்லை. மோட்டார் இருபத்தொன்பது படியும் ஏறி வந்து, குனிந்து, அவள் காதில் சொன்னார்:

"பயப்படாதம்மா. அப்பா கீழதான் இருக்கேன். முங்கிப் பாரு. டார்ச் ரெண்டு தடவை அடிப்பேன். அடிச்சா நான் இருக்கேன்னு அர்த்தம்."

அவள் முங்கினாள். இருட்டு வட்டத்துக்குள் வெளிச்சம் இரண்டு தடவை கண் சிமிட்டியது. விளிம்பிலிருந்து கை எடுபட்டது. அன்றிலிருந்து அந்தக் குளத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு சுற்றும் தொடங்குவதற்கு முன்னால் அவள் ஒரு தடவை முங்குவாள், இவர் இரண்டு தடவை டார்ச் அடிப்பார். முதல் ஒரு வாரம் அவளுடைய கால் வெடவெடவென்று நடுங்கியதை மோட்டார் கண்ணாடி வழியாகப் பார்த்தார். எட்டாம் நாள் நடுக்கம் நின்றது. "உன் பொண்ணுக்குப் பயம் விட்டுப்போச்சு" என்று வீட்டில் வந்து அறிவித்தார். டார்ச் மட்டும் நிற்கவில்லை. அது அப்பாவும் மகளும் ஆடுகிற ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மகளுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நாட்டுக்காக ஆடும் மகளிர் அணியில் சிவப்புத் தொப்பி. பத்தொன்பது வருஷமாக அவள் ஆடியதில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் மேலே உட்கார்ந்து பார்த்தது கிடையாது.

இந்த நிலைமையில்தான் எட்டு நாடுகளின் மகளிர் அணிகள் மோதும் போட்டி அந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்தது. கேலரிக்குப் புது நாற்காலி வந்தது, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், மேலாளர் திடீரென்று கழுத்துப்பட்டை கட்டத் தொடங்கினார். தண்ணீரைச் சோதிக்க வந்த வெளிநாட்டு அதிகாரி ஒரு பாட்டிலில் மொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, பாட்டில் காலியாக இருக்கிறதோ என்று ஒரு தடவை ஆட்டியும் பார்த்தாராம். அதைக் கேள்விப்பட்ட மோட்டாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உள்ளூர் அணியை, அதாவது மகள் ஆடும் நாட்டு அணியைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சர்வதேசப் போட்டியில் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை. தோற்பதில் நல்ல அனுபவம். தோற்ற பிறகு எதிராளியோடு சிரித்துப் போட்டோ எடுத்துக்கொள்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் நாளே மோட்டாருக்கு வினை வந்தது. ஒளிபரப்புக் கம்பெனியின் கேமராக்காரர் கேமராவோடு படி இறங்கி வந்து, அதை அந்த ஜன்னலில் ஒட்டவைத்துத் திருகிவிட்டார். தண்ணீருக்கு அடியில் எடுக்கும் படத்தை கேலரியின் பெரிய திரையிலும் எட்டு நாட்டு டிவியிலும் காட்டுவதாக ஏற்பாடு. மோட்டாருக்குத் தன் ஜன்னலை விட்டுக்கொடுக்க மனசில்லை. கேமராக்காரரின் அக்குளுக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் டார்ச்சை இரண்டு தடவை அடித்தார். எட்டு நாட்டு டிவியிலும் பளிச் பளிச் என்று இரண்டு மின்னல். ஐந்தாவது நிமிடம் ஒளிபரப்பு மேலதிகாரி மூச்சிரைக்கப் படி இறங்கி வந்தார்.

"யார் சார் இது? தண்ணிக்குள்ள ஷார்ட் சர்க்யூட்னு நினைச்சு எனக்கு உயிரே போயிடுச்சு!"

"என் பொண்ணுக்காக அடிச்சேன் சார்" என்றார் மோட்டார்.

அந்த விளக்கம் எடுபடவில்லை. ஆட்டம் நடக்கும்போது ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடுகூடப் போட்டுவிட்டுப் போனார்கள். தன் ராஜ்யத்திலேயே தனக்கு எல்லை போட்ட வருத்தத்தை மோட்டார் யாரிடம் சொல்வார்?

அந்த முதல் ஆட்டத்தில் உள்ளூர் அணி நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றது. டார்ச் இல்லாத அடுத்த மூன்று ஆட்டங்களில் ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. எதிராளிகள் அப்படிப்பட்டவர்கள், யார் நின்றாலும் அதுதான் நடந்திருக்கும். ஆனால் மோட்டார் காதில் அது ஏறவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எல்லாம் தன்னால் வந்தது என்று நகத்தைக் கடித்தார்.

ஏழாம் இடத்துக்கான ஆட்டம் மட்டும் மீதி. எதிரணியும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. முந்தின நாள் பயிற்சி முடிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மகள் இயந்திர அறைக்கு இறங்கி வந்தாள். மேஜையில் ஓர் அனுமதிச் சீட்டை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"கேலரி பாஸ். அம்மாவுக்குப் பக்கத்து சீட்டு. நாளைக்கு நீ மேல வந்து பாக்குற."

"நானா? பம்பை யாரு பாக்குறது?"

"அடுத்த ஷிப்ட் மாமாகிட்ட சொல்லிட்டேன். வந்து உக்காந்துக்கறேன்னுட்டார்."

"எனக்கு மேலேருந்து ஒண்ணும் புரியாதும்மா. வெறும் தலையா மிதக்கும்."

"அப்பா," என்றாள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நாளையோட நான் ஆடறது முடிஞ்சுது. அடுத்த மாசம் ஆஸ்பத்திரி வேலைல சேந்துடுவேன். பத்தொன்பது வருஷமா என் காலையே பாத்துட்டு இருக்க. எனக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்குப்பா. ஒரே ஒரு தடவை அதையும் பாரேன்."

அவள் போன பிறகு மோட்டார் அந்தச் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மேலே போனால் ஜன்னலுக்கு ஆள் இல்லை. ஜன்னலுக்கு ஆள் இல்லாவிட்டால் பிள்ளை முங்கியே போய்விடுவாள் என்று அடிமனதில் ஒரு பயம். இங்கேயே இருந்தாலும் கோட்டைத் தாண்ட முடியாது. அவள் கேட்டதோ இதுவரை கேட்காத ஒன்று. இனிமேல் கேட்பதற்கும் வழியில்லை. போவதென்று முடிவு செய்துவிட்டு, தைரியத்துக்கு மூன்று பம்பையும் ஒரு தடவை தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் வேனம்மா தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சட்டைப் பை புடைத்துக்கொண்டு நின்றது.

"அது என்ன?"

"டார்ச்."

"பட்டப்பகல்ல டார்ச் எதுக்குங்க? கல்யாணத்துக்குக் கடப்பாரை தூக்கிட்டுப் போற மாதிரி!"

"பையில வெயிட்டு இல்லன்னா நடக்க வரமாட்டேங்குதும்மா" என்றார்.

கேலரியில் உட்கார்ந்ததுமே மோட்டாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை பெரிய குளம் இது! அவர் பார்த்துப் பழகிய குளம் வட்டமாக, நீலமாக, அமைதியாக இருக்கும். இதுவோ ஒரே வெளிச்சம், ஒரே இரைச்சல். தொப்பியின் காது மூடிகளும் நாடியில் கட்டிய நாடாவுமாக எல்லா முகமும் ஒன்றுபோல இருந்தன. இடது பக்க வலையில் நின்ற சிவப்புத் தொப்பியை வேனம்மா சுட்டிக் காட்டினார். மோட்டார் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அவ்வளவு தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சிவப்புப் புள்ளி தண்ணீருக்குள் முங்கியது.

மோட்டாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, முங்கிட்டா! என்னைத் தேடுறா!"

"நீங்க இங்க இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியாதா? பழக்கதோஷம். உக்காருங்க."

உட்கார்ந்தார். முதல் சுற்றில் உள்ளூர் அணி மூன்று கோல் வாங்கியது. மோட்டார் இரண்டு தடவை எழுந்தார். வேனம்மா இரண்டு தடவையும் தேய்த்த சட்டையின் வாலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

இரண்டாவது சுற்றில் பெரிய திரையில் தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்த படம் வந்தது. அவ்வளவுதான், மோட்டாருக்கு உயிர் வந்துவிட்டது. துள்ளி எழுந்து, "அதோ நம்ம மூணாம் நம்பரு! வலது முழங்காலை வெளிப்பக்கமா வீசுறா பாரு! ஐயோ, அந்த வெள்ளைத் தொப்பிக்காரி விரலைப் பிடிச்சு முறுக்குறா, விசில் ஊதுங்கய்யா!" என்று கத்தினார். முன்வரிசை ஆட்கள் திரும்பி, இவரைத்தான் ஏதோ பெரிய பயிற்சியாளர் என்று நினைத்து மரியாதையாகப் பார்த்தார்கள். திரையில் படம் மாறி வெறும் தலைகள் வந்ததும் மோட்டார் மறுபடியும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். உள்ளூர் அணி எப்படியோ இரண்டு கோல் திருப்பிப் போட்டிருந்தது.

இடைவேளையில், "ரெண்டாம் பம்பு சத்தம் சரியில்ல" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். இருபத்தொன்பது படி. சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேமராக்காரரிடம் கெஞ்சினார்.

"சார், ரெண்டே ரெண்டு தடவை."

"அடிச்சீங்கன்னா எட்டு நாட்டுலயும் தெரியும் சார். எனக்கு வேலை போயிடும்."

அவரும் பிள்ளைகுட்டிக்காரர். மோட்டார் டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். மூச்சு வாங்கி நாற்காலியில் விழுந்தபோது மூன்றாவது சுற்று தொடங்கியாகிவிட்டது. வேனம்மா குடிக்கத் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். மோட்டார் இடது பக்க வலையைப் பார்த்தார். அங்கே சிவப்புத் தொப்பி. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே தீருவது என்று முன்னால் சாய்ந்து, கண்ணை அங்கேயே நட்டார்.

பார்க்கப் பார்க்க அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. என்ன தைரியம்! என்ன முறைப்பு! பாய்ந்து வந்த பந்தை அந்தப் பெண் அலட்சியமாகத் தட்டிவிட்டாள். மோட்டார் எழுந்து நின்று, "அப்படிப் போடு! என் பொண்ணு! என் ராசாத்தி!" என்று கை தட்டினார். அடுத்த பந்தையும் பிடித்தாள். "மூக்கைப் பாருங்க, அப்படியே எங்க அக்கா மூக்கு!" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். பக்கத்து ஆள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன்வரிசை முழுவதும் திரும்பி முறைத்தது. சற்று முன் இருந்த மரியாதை ஒன்றையும் காணோம்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த வேனம்மாவுக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. புரிந்ததும் இருபது பிள்ளைகளை அடக்கும் குரல் எழுந்தது.

"என்னங்க! யாருக்குக் கை தட்டுறீங்க? பாதி ஆட்டத்துக்கு அப்புறம் பக்கம் மாறிடுவாங்கல்ல? உங்க பொண்ணு அந்தப் பக்கம் நிக்கிறா!"

மோட்டார் தலையைத் திருப்பினார். வலது பக்க வலையிலும் ஒரு சிவப்புத் தொப்பி. கீழே இருந்தால் இந்தத் தப்பு அவருக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. பக்கம் மாறினால் கால் மாறும், கால் மாறினால் கண்டுபிடித்துவிடுவார். மேலே வந்து ஒரு மணி நேரத்துக்குள் எதிரி நாட்டுப் பெண்ணுக்குத் தன் அக்காவின் மூக்கைக் கொடுத்துவிட்டார். அசடு வழிய முன்வரிசையைப் பார்த்து, "கண்ணாடி மாத்தணும்" என்றார். அவர் கண்ணாடியே போடுவதில்லை.

நான்காவது சுற்றுக்குள் கேலரி சூடு பிடித்துவிட்டது. ஏழாம் இடத்துக்கு இவ்வளவு கூத்தா என்று கேட்பவர்கள் முதல் வெற்றிக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்ததில்லை. ஆட்டம் முடிந்தபோது ஒன்பதுக்கு ஒன்பது. சமன்.

அப்படி முடிந்தால் பெனால்டி. அணிக்கு ஐந்து பேர் ஒவ்வொருவராக வந்து, ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து எறிய வேண்டும். தடுக்க கோல் கீப்பர் ஒருத்திதான். உள்ளூர் அணியின் ஐந்தில் நான்கு உள்ளே போனது. எதிரணியின் முதல் நான்கில் மூன்று போய்விட்டது, ஒன்று கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஐந்தாவதும் போனால் மறுபடி சமன். தடுத்துவிட்டால், வரலாற்றிலேயே முதல் வெற்றி.

பெனால்டிக்காக எல்லோரும் கேலரிக்குப் பக்கத்தில் இருந்த வலைக்கு வந்திருந்தார்கள். மோட்டார் மெதுவாகப் படி இறங்கித் தடுப்புக் கம்பி வரைக்கும் போய்விட்டார். இப்போது மகள் பத்தடி தூரத்தில் இருந்தாள். எறிய வேண்டியவள் முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்குளத்துக்குப் பந்தை எடுக்கப் போயிருந்தாள். நடுவர் இன்னும் விசிலை வாயில் வைக்கவில்லை.

மகள் முங்கினாள். ஜன்னலைத் தேடுகிறாள் என்று மோட்டாருக்குத் தெரிந்தது. அங்கே கறுப்பாக ஒரு கேமராதான் இருக்கும்.

மேலே வந்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அந்த முகத்தை அவர் பார்த்தார்.

உதடு வெளுத்திருந்தது. நாடி நடுங்கியது. அங்கே இங்கே என்று கண்கள் அலைந்தன. குளத்தின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்திய அதே ஒன்பது வயது முகம். ஒரு நாள்கூட மூப்பில்லாமல் அப்படியே இருந்தது. ஆட்டம், கோல், வெற்றி எல்லாம் மறந்துபோய், மோட்டாரின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. டார்ச்சை எடுத்து உயரே தூக்கிப் பிடித்து அடித்தார். இரண்டு தடவை.

அந்த வெளிச்சத்தில் அது ஒரு மின்மினி அளவுக்குக்கூட இல்லை. ஆனால் மகள் பார்த்துவிட்டாள். அலைந்த கண் அங்கேயே நின்றது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில் பல் தெரியச் சிரித்தது.

மஞ்சள் சட்டை போட்ட பாதுகாப்புப் பெண் ஓடி வந்தார். "சார்! சார்! லைட் அடிக்கக் கூடாது! குடுங்க இப்படி!"

"எடுத்துக்கங்கம்மா," என்றார் மோட்டார், கண்ணை மகளை விட்டு எடுக்காமலே. "ரெண்டு தடவை அடிச்சாச்சு."

எறிபவள் வந்து நின்றாள். நடுவர் விசில் ஊதினார். மோட்டார் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடிப்பதைப் பார்த்தார், புருவம் ஏறுவதைப் பார்த்தார், கன்னம் ஒரு பக்கமாக இழுபடுவதையும் வாய் பெரிதாகத் திறப்பதையும் பார்த்தார். திடீரென்று அந்த முகம் தண்ணீர்த் திவலைகளுக்குள் மறைந்துவிட்டது. கேலரி இடிந்து விழுவதுபோல ஒரு சத்தம். யாரோ அவரைக் கட்டிக்கொண்டார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் அவர் முதுகில் ஓங்கி அறைந்தார். வேனம்மா அழுதுகொண்டே படி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, என்ன ஆச்சு? பந்து எங்க போச்சு?" என்று கேட்டார் மோட்டார்.

"தடுத்துட்டா! ஜெயிச்சுட்டோம்! கண்ணு முன்னால நடந்துச்சு, பாக்கலையா நீங்க?"

குளத்துக்குள் பயிற்சியாளரை உடுப்போடு தூக்கிப் போட்டார்கள். மேலாளர் கழுத்துப்பட்டையைக் கழற்றிச் சுழற்றினார். அந்தக் கும்பல் முழுவதும் தண்ணீரில் குதித்ததைக் கண்ட மோட்டாருக்குச் சல்லடைக் கூடை ஞாபகம் வந்துவிட்டது. ஆளாளுக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நைசாக நழுவிக் கீழே போனார்.

கூடையில் பயிற்சியாளரின் பேனா சிக்கியிருந்தது. அதைக் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தபோது படியில் ஈரக்கால் சத்தம் கேட்டது. திரும்பாமலே யாரென்று தெரிந்தது.

"பாத்தியாப்பா? கடைசிப் பந்து! இடது கை, விரல் நுனியில!" மகளுக்கு இன்னும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. கையில் சிவப்புத் தொப்பி சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா."

"இல்லையா? பத்தடியில நின்னியே!"

"உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பந்து என்னாச்சுன்னு அம்மாகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வடிகட்டித் தொட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எப்படி இருந்துச்சு என் மூஞ்சி?" என்றாள்.

மோட்டார் பேனாவை மேஜையில் வைத்தார். "பயந்துபோய் இருந்துச்சும்மா" என்றார். "எட்டாம் நாளே உனக்குப் பயம் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். காலு அவ்வளவு நல்லா அடிச்சுது. காலைப் பாத்தா ஒண்ணும் தெரியலையே."

"ஒரு நாளும் விட்டுப்போகலப்பா," என்றாள் மகள். சாதாரணமாகச் சொன்னாள், எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல. "பின்ன ஒவ்வொரு தடவையும் எதுக்கு முங்கி உன்னைத் தேடினேன்னு நினைச்ச?"

மோட்டார் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பம்பு துடைக்கிற துணி அது. நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் கிரீஸ் அப்பிக்கொண்டது, தேய்த்த சட்டையின் கழுத்திலும் இறங்கியது. மகள் தோள் துண்டின் காய்ந்த மூலையைத் தேடி எடுத்து, அவர் நாடியைப் பிடித்து நிமிர்த்தித் துடைத்துவிட்டாள். மேலே படிக்கட்டுத் தலையிலிருந்து வேனம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் மேல வர்றீங்களா, நான் கீழ வரட்டுமா? போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க!"

"வர்றோம்மா!" என்று மோட்டார் கத்தினார். மகளை முன்னால் ஏறச் சொல்லவில்லை. பக்கத்திலேயே நடந்தார், படிக்கு ஒரு தடவை அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு.